43 வயசுக்காரரை ‘கத்துக்குட்டி’ என்று எழுத முடியுமா? வேறு சொல் சொல்லுங்கள்

லைன் சூப்பர்வைசர், திருப்பூர்

வணக்கமுங்க. பனியன் கம்பெனியில் ஓவர்லாக் (துணி ஓரம் தைக்கிற மெஷின்) லைன் பார்க்கிறேன். புதுசாகச் சேர்ந்தவர்களைப் பற்றி மாசக் கடைசியில் நாலு வரி எழுதி, அவங்களையே படிக்கச் சொல்லிக் கையெழுத்து வாங்கணும். இந்த மாசம் ஒரு அக்காவைப் பற்றி எழுதணும். நிலக்கோட்டைப் பக்கம், 43 வயசு. 20 வருசம் மல்லிகைப் பூக் கட்டியவர். கைமடியாக, அதாவது தைப்பவருக்கு உதவியாளாகச் சேர்ந்தார், மெஷினில் உட்கார ஆசைப்பட்டார், உட்கார வைத்தேன்.

துணியைப் பிடித்து இழுக்கிறார், அதுதான் பிரச்சினை. மெஷினில் ஊசிக்கு அடியில் இருக்கிற பல்லே துணியை நகர்த்திக்கொண்டு போய்விடும், நம்ம கை வழி காட்டினால் போதும். இழுத்தால் பின்னல் துணி நீண்டு, தைத்த ஓரம் அப்பளம் மாதிரி நெளியும். இதை எத்தனை தடவை வாயால் சொன்னாலும் ஆகாது, கைக்குத் தெரியணும்.

போன மாசம் வேறொரு பெண்ணுக்கு ‘அனுபவமற்றவர்’ என்று எழுதிவிட்டேன். படித்ததும் அந்தப் பிள்ளை முகம் வாடிப் போச்சு. இந்த அக்காவுக்கு அப்படி எழுதினால் அது பொய்யும்கூட. சாப்பாட்டு நேரத்தில் ஒருத்தர் வாங்கி வந்த உதிரிப் பூவை எடுத்து, வாழைநாரில் கட்ட ஆரம்பித்தார். பேசிக்கொண்டேதான் இருந்தார், கையைப் பார்க்கவே இல்லை. நாங்கள் டப்பாவைக் கழுவி வருவதற்குள் ரெண்டு முழம் ஆகியிருந்தது. ‘கத்துக்குட்டி’ கேலியாக இருக்கிறது, ‘விவரம் தெரியாதவர்’ அதைவிட மோசம். என்ன எழுதட்டும்?

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

அம்மா, நீங்கள் தடுமாறுவதற்குக் காரணம் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. கத்துக்குட்டி, எழுத்து வழக்கில் கற்றுக்குட்டி. பச்சைப்பிள்ளை என்கிறோம், இளங்கன்று பயமறியாது என்கிறோம். குட்டி, பிள்ளை, கன்று மூன்றுமே தொல்காப்பிய மரபியல் அடுக்கும் 9 இளமைப் பெயர்களில் வருபவை. பால்மணம் மாறாதவன் என்பதும் அதே வழிதான். தொழிலுக்குப் புதியவர் என்றால் வயதிலும் சிறியவர் என்று எண்ணித்தான் இவற்றைச் சொல்லி வந்திருக்கிறோம். நாற்பதைத் தாண்டித் தொழில் பழக வருபவருக்கு இவை எப்படிப் பொருந்தும்?

‘பழகுநர்’ என்று எழுதுங்கள். 1961ஆம் ஆண்டுச் சட்டத்தையே தமிழில் தொழிற்பழகுநர் சட்டம் என்கிறோம். வயது அதற்குள் இல்லை, இழிவும் இல்லை. ‘பழகுனர்’ என்று எழுதிவிடாதீர்கள், ‘நர்’தான் சரி.

இன்னொன்று. கைதேர்ந்தவர், கைவந்த கலை, சித்திரமும் கைப்பழக்கம் என்று திறமையைக் கையில்தான் வைத்திருக்கிறது நம் மொழி. நீங்களும் “கைக்குத் தெரியணும்” என்றே எழுதியிருக்கிறீர்கள். அதைவிடச் சரியாக நானும் சொல்லிவிட முடியாது.

கொத்தனார், மதுரை

தங்கச்சி, ஐயா சொன்னதுக்கு மேல ஒண்ணு சொல்றேன். எங்க வேலையில சித்தாள்னு ஒரு பேர் இருக்கு. சிறு ஆள், சிற்றாள், அதுதான் சித்தாள். ஆம்பளப் பையன் சித்தாளா வந்தா ரெண்டு மூணு வருசத்துல கரணையைக் கையில குடுத்துருவோம், அப்புறம் அவன் கொத்தனார். எங்கூட 15 வருசமா ஒரு அம்மா கலவை சுமக்குது. சுவர் தூக்குக்குண்டுக்கு ஒத்து வரலைன்னா எனக்கு முன்னாடி அதுதான் சொல்லும். இன்னைக்கும் அதுக்குப் பேர் சித்தாள், கூலியும் சித்தாள் கூலி. கரணையை யாரும் குடுக்கல. நானும் குடுக்கல. அது எனக்கு உறுத்திக்கிட்டே இருக்கு.

அதனால பழகுநர்னு எழுதினா என்ன தேதி வரைக்கும்னும் சேத்து எழுதிரு. இல்லைன்னா பேர் ஒட்டிக்கிரும்.

ஐ.டி. ஆள், சென்னை

எங்கள் பக்கம் எல்லாருமே ‘ஃப்ரெஷர்’தான். ஆனால் வேறு துறையில் பத்து வருசம் இருந்துவிட்டு வருபவரை அப்படிச் சொன்னால் அவருக்கும் வலிக்கும். அக்காவுக்கு ஏற்கெனவே தெரிந்த வேலையையும் ஒரு வரி எழுதுங்களேன்.

லைன் சூப்பர்வைசர், திருப்பூர்

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. கொத்தனார் அண்ணா எழுதினதைப் படித்துவிட்டு என் லைனில் இருக்கிற கைமடிகளை எண்ணிப் பார்த்தேன். நாலு வருசமாகக் கைமடியாகவே ரெண்டு பேர் இருக்காங்க. திங்கட்கிழமையிலிருந்து மதியம் அரை மணி நேரம் அவங்களுக்கும் வேஸ்ட் பிட்டில் ஓட்டிப் பழக மெஷின் ஒதுக்கியிருக்கிறேன்.

அக்காவுக்கு இப்படி எழுதினேன்: “ஓவர்லாக் பழகுநர், வருகிற மாதம் 30 வரை. பூக்கட்டுவதில் 20 ஆண்டுக் கைப்பழக்கம் உள்ளவர். விரல் வேகம் நன்று. துணியை இழுக்காமல் விடப் பழகி வருகிறார்.”

விரலை வைத்து மெதுவாகப் படித்தார். “பூவையும் இழுத்துக் கட்டுனா காம்பு அறுந்துரும், நாரைத்தான் இறுக்கணும்” என்றார். கையெழுத்துப் போட்டுவிட்டு மெஷினுக்குப் போனார். அன்னைக்குச் சாயங்காலம் தைத்த பனியன் கைகளில் மூணு மட்டும்தான் நெளிந்திருந்தது.