கோட்டினைன் சிறுநீர்ப் பரிசோதனை: பீடியை விட்ட அப்பாவுக்கு ஏன் பாசிட்டிவ்?

கேள்வி – அஸ்தம்பட்டி மகள்

வணக்கம். என் அப்பா ஏற்காட்டில் காப்பித் தோட்டத்தில் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போதும் அம்மாவுடன் மலைமேல்தான் இருக்கிறார். இளம் வயதிலிருந்தே பீடி பிடித்தவர். கீழ் முதுகில் இரண்டு எலும்புகளை இணைத்துப் பொருத்தும் அறுவை சிகிச்சை அவருக்குத் தேவைப்படுகிறது. பீடியை முழுவதுமாக நிறுத்திவிட்டு, சிறுநீரில் கோட்டினைன் (நிக்கோட்டின் உடலில் மாறி உண்டாகும் பொருள்) இல்லை என்று பரிசோதனையில் தெரிந்த பிறகே தேதி குறிப்பேன் என்று சேலத்தில் நாங்கள் பார்க்கும் மருத்துவர் உறுதியாகச் சொல்லிவிட்டார்.

அப்பா பீடியை நிறுத்தி மூன்று வாரங்கள் ஆகின்றன. ஆனால் பரிசோதனை பாசிட்டிவ் என்றே வந்தது. ஒரு மில்லிலிட்டருக்கு 200 நானோகிராம் என்பது அதன் வரம்பு என்று அறிக்கையில் இருக்கிறது. அப்பா எங்கேயோ ஒளிந்து பிடிக்கிறார் என்று அண்ணன் நேரிலேயே கேட்டுவிட்டார். பேத்தியின் மேல் கை வைத்து, ஒரு பீடிகூடத் தொடவில்லை என்று சொன்ன அப்பா, அன்றிலிருந்து எங்களோடு சரியாகப் பேசுவதில்லை. அவர் பொய் சொல்வதாக எனக்குத் தோன்றவில்லை.

இத்தனை ஆண்டுகள் பிடித்த பீடியின் மிச்சம் உடம்பில் தங்கியிருந்து இப்படிக் காட்டுமா? வார இறுதியில் வரும் அண்ணன் திண்ணையில் சிகரெட் பிடிப்பதுண்டு. அந்தப் புகை காரணமாக இருக்குமா? வீட்டிலேயே சோதிக்க ஒரு கார்டு வாங்கினோம். அதில் ஒரு கோடு அழுத்தமாகவும் இன்னொரு கோடு மிக மங்கலாகவும் வந்ததால், எப்படிப் படிப்பது என்றும் தெரியவில்லை. விவரம் அறிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில் – ஆய்வக நுட்பர், சூரமங்கலம்

அம்மா, முதலில் பழைய பீடியின் மிச்சம் பற்றிச் சொல்லிவிடுகிறேன். உடலுக்குள் போகும் நிக்கோட்டினில் பெரும்பகுதியை, ஏறத்தாழ நூற்றுக்கு எழுபது முதல் எண்பது பங்கை, கல்லீரல் கோட்டினைனாக மாற்றுகிறது. நிக்கோட்டின் இரண்டு மணி நேரத்தில் பாதியாகக் குறைந்துவிடும். கோட்டினைன் பாதியாகக் குறைய ஏறத்தாழ 16 மணி நேரம் ஆகிறது என்பதால்தான் அதைத் தேடிச் சோதிக்கிறோம். அதிகம் புகைக்கும் ஒருவரின் சிறுநீரில் 2000 நானோகிராம் இருப்பதாகக் கொண்டாலும், நிறுத்திய 16 மணி நேரத்தில் அது 1000 ஆகும், 32 மணி நேரத்தில் 500, 48 மணி நேரத்தில் 250, மூன்றாம் நாள் முடிவதற்குள் 200-க்குக் கீழே வந்துவிடும். சிறுநீரகம் மிகவும் பழுதுபட்டவர்களுக்கு இதைவிடத் தாமதமாகும். ஆனாலும் மூன்று வாரம் கழித்துப் பாசிட்டிவ் வந்தால், அந்தக் கோட்டினைன் கடைசிச் சில நாட்களில் உள்ளே போன நிக்கோட்டினிலிருந்து வந்தது என்றே கொள்ள வேண்டும்.

அண்ணனின் சிகரெட் புகையும் இதற்குப் போதாது. பிறர் புகையைச் சுவாசிப்பவரின் சிறுநீரில் கோட்டினைன் வரும் என்பது உண்மைதான். ஆனால் அந்த அளவு பெரும்பாலும் 20 நானோகிராமைக்கூடத் தாண்டாது. 200 என்ற வரம்பை உயரமாக வைத்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். கத்தரிக்காயில் நிக்கோட்டின் இருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். ஒரு சிகரெட்டிலிருந்து கிடைக்கும் நிக்கோட்டினைப் பெற ஏறத்தாழ பத்துக் கிலோ கத்தரிக்காய் தின்ன வேண்டியிருக்கும். சாம்பாரில் போடும் இரண்டு காயால் எதுவும் ஆகாது.

நீங்கள் கவனிக்க வேண்டியது வேறொன்று. இந்தச் சோதனை புகையை அளப்பதில்லை, நிக்கோட்டின் வந்ததன் தடயத்தை அளக்கிறது. வெற்றிலையோடு போடும் புகையிலை, உதட்டில் அடக்கும் ஹான்ஸ், மூக்குப்பொடி, புகையிலை கலந்த பல்பொடி, பீடியை விடுவதற்காக மெல்லும் நிக்கோட்டின் சூயிங்கம், தோலில் ஒட்டும் நிக்கோட்டின் பட்டை ஆகிய எல்லாமே ஒரே முடிவைத்தான் தரும். இவற்றில் எதையாவது அப்பா பயன்படுத்துகிறாரா என்று, குற்றம் சாட்டும் குரலில் இல்லாமல், ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

கார்டு பற்றி ஒரு சொல். கர்ப்பத்தைச் சோதிக்கும் கார்டில் இரண்டு கோடு வந்தால் பாசிட்டிவ், இதில் நேர்மாறு. ‘சி’ என்ற இடத்தில் கோடு வந்து ‘டி’ என்ற இடத்தில் கோடே இல்லாவிட்டால்தான் பாசிட்டிவ். ‘டி’யில் மிக மங்கலாக ஒரு கோடு தெரிந்தாலும் அது நெகட்டிவ்; அதாவது அளவு கார்டின் வரம்புக்குக் கீழே இருக்கிறது. நீங்கள் சொல்லும் மங்கலான கோடு ‘டி’யில் இருந்தால், அன்றைய மாதிரியில் கோட்டினைன் வரம்புக்குக் குறைவாக இருந்தது என்று பொருள். நிறையத் தண்ணீர் குடித்த பிறகு எடுத்த சிறுநீராக இருந்தாலும் இப்படி வரலாம். ஆய்வகத்தில், சிறுநீரில் வழக்கமாக இருக்கும் கழிவுப்பொருளான கிரியாட்டினினையும் சேர்த்துப் பார்ப்பது இதற்காகத்தான். அது டெசிலிட்டருக்கு 20 மில்லிகிராமுக்குக் குறைவாக இருந்தால் நீர்த்த மாதிரி என்று குறித்து, மறுபடி கேட்போம்.

கேட்டவர் – அஸ்தம்பட்டி மகள்

மிக்க நன்றி ஐயா. நேற்று மலைக்குப் போய் நீங்கள் சொன்னபடியே கேட்டேன். சாப்பிட்ட பின் வெற்றிலையோடு புகையிலை போடும் பழக்கம் அப்பாவுக்கு எப்போதும் இருந்திருக்கிறது. பீடியை நிறுத்திய பிறகு வாய் சும்மா இருக்க முடியாமல் அது ஒரு நாளைக்குப் பல தடவையாகப் பெருகியிருக்கிறது. “டாக்டர் பீடியைத்தானே கேட்டார், வெத்தலைய யார் கேட்டா?” என்றார். அவர் மறைக்கவில்லை, நாங்கள்தான் கேட்கவில்லை. அண்ணனிடம் சொல்லிவிட்டேன், அவர் இன்று அப்பாவைப் பார்க்கக் கிளம்பிவிட்டார். அப்பா பீடி பிடிக்கவில்லை என்று காட்டத் தனியாக ஏதேனும் சோதனை உண்டா? புகையிலைக்குப் பதிலாகச் சூயிங்கம் கொடுக்கலாமா?

பதில் – மயக்கவியல் மருத்துவர், சேலம்

அப்பாவின் சொல் மெய் என்று தெரிந்ததில் மகிழ்ச்சி. ஆனால் மருத்துவர் கவலைப்படுவது அவருடைய நேர்மையைப் பற்றி அன்று, எலும்பு கூடுமா என்பதைப் பற்றி. நிக்கோட்டின் சிறு இரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. புகைப்பவருக்கு அதனுடன் கார்பன் மோனாக்சைடும் சேர்ந்து, இரத்தம் சுமக்கும் ஆக்சிஜனைக் குறைக்கிறது. இணைத்து வைத்த எலும்புகள் ஒன்றாகக் கூடாமல் போவதும், தையல் போட்ட இடம் ஆறத் தாமதமாவதும், சீழ் பிடிப்பதும் புகைப்பவர்களிடம் அதிகம். அறுவை சிகிச்சைக்கு ஏறத்தாழ நான்கு வாரம் முன்பே நிறுத்தியவர்களுக்குச் சிக்கல்கள் குறைகின்றன என்று உலக சுகாதார நிறுவனம் 2020-இல் எடுத்துச் சொன்னது. மென்று சாப்பிடும் புகையிலையில் கார்பன் மோனாக்சைடு இல்லையே தவிர, நிக்கோட்டின் தாராளமாக இருக்கிறது.

பீடி பிடிக்கவில்லை என்று காட்ட, மூச்சில் கார்பன் மோனாக்சைடை அளக்கும் சிறிய கருவி உண்டு. புகையிலை மெல்லுபவருக்கு அது உயராது. ஆனால் அது கடைசி ஒரு நாளைப் பற்றி மட்டுமே பேசும். ஏற்காட்டுக் குளிரில் விறகடுப்பின் அருகே நெடுநேரம் உட்கார்ந்திருந்தாலும் உயர்ந்துவிடும் என்பதால், அடுப்படியிலிருந்து நேராக அழைத்து வர வேண்டாம். சூயிங்கத்தால் வந்த கோட்டினைனா, புகையிலையால் வந்ததா என்று பிரித்தறிய, புகையிலையில் இருப்பதும் மருந்தாகத் தரும் நிக்கோட்டினில் இல்லாததுமான அனபேசின் என்ற பொருளைச் சிறுநீரில் தேடுவார்கள். அதற்குப் பெரிய கருவி வேண்டும். உங்கள் நிலைமையில் அந்தச் செலவு தேவையில்லை என்பது என் கருத்து.

சூயிங்கத்தைப் பொறுத்தவரை, அறுவை மருத்துவரிடம் கேட்காமல் தொடங்காதீர்கள். புகையிலையைவிட அது எவ்வளவோ மேல் என்று ஏற்றுக்கொள்பவர்கள் உண்டு. எலும்பு இணைக்கும் சிகிச்சையில் நிக்கோட்டினே கூடாது என்பவர்களும் உண்டு. சூயிங்கம் மென்றால் கோட்டினைன் சோதனை பாசிட்டிவாகவே வரும். வெரனிக்லின், புப்ரோபியான் என்னும் மாத்திரைகளில் நிக்கோட்டின் இல்லை, ஆகவே அவை சோதனையைக் குழப்பாது. ஆனால் அவற்றை மருத்துவர் எழுதிக் கொடுத்துத்தான் எடுக்க வேண்டும். வெற்றிலை விஷயத்தை இப்போதே மருத்துவரிடம் சொல்லி, நிறுத்தும் நாளை அங்கிருந்து புதிதாக எண்ணத் தொடங்குங்கள். முதல் சில நாட்கள் எரிச்சலும் தூக்கமின்மையும் இருக்கும், அப்போது வீட்டில் யாரும் அவரைக் கடிந்துகொள்ள வேண்டாம். 1800-11-2356 என்ற இலவச எண்ணில் ஆலோசகர்கள் பேசுவார்கள்.

மறுபரிசோதனையை மருத்துவர் சொல்லும் நாளில் செய்யுங்கள். அதற்கு முன் கார்டு வாங்கி அடிக்கடி சோதித்தால் அப்பாவின் மனம்தான் நோகும். இத்தனை ஆண்டு பீடியும் புகையிலையும் பழகிய வாய் என்பதால், அடுத்த முறை சேலம் வரும்போது ஒரு பல் மருத்துவரிடமும் காட்டி, கன்னத்தின் உட்புறத்திலும் நாக்கின் அடியிலும் ஆறாத புண்ணோ, வெள்ளை அல்லது சிவப்புத் திட்டோ இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.