ஷவர் கதவின் அடி சீல்: ஆள் கூப்பிடாமல் மாற்றியவர்களின் அனுபவம் (ஒவ்வொரு * குறிக்குப் பிறகும் வேறொருவரின் பதிவு)

எங்கள் வீட்டு ஷவர் கதவுக்கு அடியில், தண்ணீர் வெளியே வராமல் தடுக்கும் பிளாஸ்டிக் பட்டை (அடி சீல்) மஞ்சளடித்து, விறைத்து, விரலால் அழுத்தினாலே ஒடிகிற நிலைக்கு வந்துவிட்டது. குளித்துவிட்டு வந்தால் வெளியே கால்மிதி சொதசொதவென்று கிடக்கும். இந்த ஜாதிப் பட்டைகள் மிருதுவாக இருப்பதற்காக வினைலில் ஒரு பொருள் கலக்கிறார்கள். வெந்நீரும் சோப்பும் படப்பட அது வெளியேறிவிடும், பட்டை விறைத்துப்போகும். அதற்குப் பிறகு தேய்த்துக் கழுவி ஒரு பிரயோஜனமும் இல்லை. நானே மாற்றிவிட்டேன். வேலை சின்னதுதான், அளப்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

கதவின் அகலத்தைத்தான் எல்லாரும் முதலில் அளப்பார்கள். பட்டையை வெட்டிக்கொள்ளலாம் என்பதால் அது பெரிய விஷயமே இல்லை. கண்ணாடியின் கனம்தான் முக்கியம். சட்டமில்லாத கதவுகள் பெரும்பாலும் 6, 8, 10, 12 மில்லிமீட்டர் கனத்தில் வரும். 8க்கான பட்டையை 6 மில்லிமீட்டர் கண்ணாடியில் மாட்டினால் கவ்வாமல் நழுவும். 10 மில்லிமீட்டர் கண்ணாடியில் அதையே திணித்தால் வாய் பிளந்துவிடும். பழைய பட்டையின் வாயை அளந்து புதியதை வாங்காதீர்கள், வருஷக்கணக்கில் விரிந்துபோயிருக்கும். வெர்னியர் காலிப்பர் இல்லாவிட்டால் ஒரு காகிதத்தைக் கதவின் பக்கவாட்டு விளிம்பில் வைத்து இரண்டு பக்கமும் அழுத்தி மடியுங்கள். இரண்டு மடிப்புக்கும் நடுவில் ஸ்கேல் வைத்தால் கனம் கிடைத்துவிடும்.

அடுத்தது, கண்ணாடியின் கீழ் விளிம்புக்கும், அதற்கு அடியில் தரையிலிருந்து சற்று உயர்த்திக் கட்டிய திட்டுக்கும் உள்ள இடைவெளி. கதவைச் சாத்தி வைத்து இரண்டு ஓரத்திலும் நடுவிலும் அளக்க வேண்டும். மூன்று இடமும் ஒரே அளவாக இருந்தால் உங்களுக்கு நல்ல கொத்தனார் வாய்த்திருக்கிறார்! பட்டையின் கீழே தொங்கும் நாக்கு இந்த இடைவெளியைவிடக் கொஞ்சம் நீளமாக, திட்டைத் தொட்டு லேசாக வளைகிற மாதிரி இருக்கட்டும். ரொம்ப நீளமானால் கதவு இழுத்துக்கொண்டு வரும், நாக்கும் சீக்கிரம் தேய்ந்துபோகும்.

தொங்கும் நாக்கைத் தவிர, பல பட்டைகளில் ஒரு பக்கமாகச் சரிந்த இன்னொரு இதழும் இருக்கும். கண்ணாடியின் உள்பக்கத்தில் வழிகிற தண்ணீரைத் திரும்ப ஷவருக்குள்ளேயே தள்ளுவது அதன் வேலை. ஆகவே அந்தச் சரிவு உள்பக்கம் பார்த்திருக்க வேண்டும். ஒரு உறவினர் வீட்டில் புதுப் பட்டை போட்டும் கசிகிறது என்று கூப்பிட்டுக் காட்டினார்கள். பொருத்திக் கொடுத்தவர் இதழை வெளிப்பக்கமாக வைத்துவிட்டுப் போயிருந்தார். தண்ணீரை வழிகாட்டி வெளியே அனுப்பிக்கொண்டிருந்தது அது. கழற்றித் திருப்பி மாட்டியதும் சரியாகிவிட்டது.

கழற்றுவது: கதவைத் திறந்து வைத்து, ஒரு முனையைப் பிடித்துக் கீழ்நோக்கி இழுத்தால் வந்துவிடும். அடம் பிடித்தால் ஹேர் டிரையரில் கொஞ்சம் சூடு காட்டுங்கள், இளகும் (தரையில் ஈரம் இல்லாமல் துடைத்துவிட்டு). பிறகு கண்ணாடி விளிம்பில் படிந்திருக்கும் சோப்புப் படலத்தையும் உப்புக்கறையையும் எடுத்து, ஈரம் போகத் துடைக்க வேண்டும். உப்புக்குத் தண்ணீர் கலந்த வினிகர் போதும். திட்டு மார்பிளாக இருந்தால் வினிகர் அதன் மேல் படக் கூடாது, பளபளப்பைத் தின்றுவிடும். பூஞ்சைக்கு பிளீச் போடுகிறவர்கள் அதை வினிகரோடு சேர்க்கவே கூடாது. குளோரின் வாயு வரும், குளியலறை மாதிரி அடைத்த இடத்தில் அது ஆபத்து.

வெட்டும்போது, கண்ணாடியைக் கவ்வும் கெட்டியான பகுதிக்குப் பொடிப் பல் ஹேக்ஸா பிளேடு, மிருதுவான நாக்குக்குக் கட்டர் கத்தி. முழுக்க மிருதுவான பட்டையென்றால் நல்ல கத்தரிக்கோலே போதும். கதவின் அகலத்தைவிட ஓரிரு மில்லிமீட்டர் குறைத்து வெட்டினால் ஓரத்தில் உரசாது. ஒரு முனையில் ஆரம்பித்து உள்ளங்கையால் தட்டித் தட்டி மேலே ஏற்றிக்கொண்டே போங்கள். ஏறாவிட்டால் சோப்புத் தண்ணீர் தொட்டுக்கொள்ளலாம். எண்ணெய், கிரீஸ் வேண்டாம், வழுக்கிக்கொண்டே இருக்கும்.

*

எங்க வீட்டுல அலுமினியச் சட்டம் போட்ட கதவு. மேல சொன்ன கவ்வுற பட்டை இதுக்குச் சேராது. சட்டத்தோட அடியில ஒரு பள்ளம் ஓடும், அதுக்குள்ள ரப்பரோட தலை சொருகி இருக்கும். ஓரத்துல குட்டியா ஒரு ஸ்க்ரூ இருக்கான்னு முதல்ல பாத்துக்குங்க. அதைக் கழட்டாம இழுத்தா ரப்பர் பாதியில அறுந்து உள்ளேயே மாட்டிக்கும். பள்ளத்துல இருக்கிற அழுக்கைப் பழைய டூத் பிரஷ் வெச்சு எடுத்துட்டு, புது ரப்பர்ல சோப்புத் தண்ணி தடவி ஒரு பக்கத்துலேர்ந்து தள்ளினா வழுக்கிட்டு ஓடுது. இழுத்து நீட்டி மாட்டாதீங்க, பின்னாடி சுருங்கி ஓரத்துல இடைவெளி விட்டுடும். பழைய ரப்பர்ல ஒரு துண்டு வெட்டி கையோட எடுத்துட்டுப் போய் ஒப்பிட்டுப் பாத்து வாங்கறதுதான் உத்தமம்.

*

பட்டை வாங்கும் முன் கசிவு உண்மையில் அங்கிருந்துதான் வருகிறதா என்று பார்த்துவிடுங்கள். எங்கள் வீட்டில் கசிவு அடியிலிருந்து வரவில்லை. கதவை ஒட்டி அசையாமல் நிற்கும் கண்ணாடி திட்டோடு சேரும் மூலையில், இடைவெளியை அடைக்கப் பூசிய சிலிக்கான் பசை விட்டுப்போயிருந்தது. தண்ணீர் அங்கே புகுந்து திட்டின் மேலேயே ஓடிவந்து, கதவுக்கு நேராகச் சொட்டியது. பார்க்கிறவர்களுக்குப் பட்டைதான் குற்றவாளியாகத் தெரியும்.

கண்டுபிடிக்கச் சுலபமான வழி: வெளிப்பக்கம் முழுவதையும் உலரத் துடைத்துவிட்டுத் திட்டு ஓரமாக டிஷ்யூ காகிதம் பரப்புங்கள். ஒருவர் உள்ளே நின்று கை ஷவரால் முதலில் மூலையில் மட்டும், பிறகு கீல் பக்கம், கடைசியில் கதவின் நடுவில் என்று தண்ணீர் அடிக்கட்டும். எதற்கு அடிக்கும்போது காகிதம் நனைகிறதோ அதுதான் இடம்.

திட்டின் சாய்வையும் பாருங்கள். உள்பக்கமாகச் சாய்ந்திருக்க வேண்டும். வெளியே சாய்ந்திருந்தால் எந்தப் பட்டை போட்டாலும் தண்ணீர் தேங்கி வெளியேதான் வரும். அடி சீல் தண்ணீரைத் திருப்பிவிடத்தான், அணை கட்ட அல்ல.

*

கண்ணாடிக் கதவு பொருத்தும் வேலை பார்க்கிறவன் என்ற முறையில் சிலது சொல்கிறேன். முதல் பதிவு போட்டவர் சரியாகவே செய்திருக்கிறார். ஆனால் பலர் பழைய பட்டையை ஸ்க்ரூடிரைவரால் நெம்புகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். ஷவர் கதவு டஃபன்ட் கிளாஸ், அதாவது சூடேற்றிப் பலப்படுத்திய கண்ணாடி. அதன் தட்டையான பரப்பில் கையால் ஓங்கிக் குத்தினாலும் தாங்கும், விளிம்பிலும் மூலையிலும் இரும்பு பட்டால் தாங்காது. அதன் மேற்பரப்பு அழுத்தத்திலும் உள்பகுதி இழுவிசையிலும் இருக்கிறது. அந்த மேலடுக்கைத் தாண்டி ஒரு கீறல் உள்ளே போனால் மொத்தக் கண்ணாடியும் ஒரே நொடியில் கற்கண்டு மாதிரி உதிரும். பிளாஸ்டிக் ஸ்கிரேப்பர் பயன்படுத்துங்கள். செருப்பு போதாது, ஷூ போடுங்கள், கண்ணுக்கும் கண்ணாடி போடுங்கள்.

கதவைக் கீலிலிருந்து கழற்றி டைல்ஸ் மேல் நிறுத்தி வேலை செய்யலாம் என்று நினைக்காதீர்கள். டைல்ஸ் விளிம்பில் மூலை இடித்தால் கதை முடிந்தது. தொங்குகிற நிலையிலேயே அடியில் மடித்த துண்டு ஒன்றைப் போட்டுக்கொண்டு செய்துவிடலாம்.

அடி இடைவெளி ஒரு பக்கம் நாளாக நாளாகக் குறைந்துகொண்டே வருகிறதென்றால் கதவு தொங்குகிறது என்று அர்த்தம். கைப்பிடிப் பக்கம் இறங்கியிருக்கும். முதலில் கீலைச் சரிசெய்ய ஆள் கூப்பிடுங்கள். பட்டை அதற்குப் பிறகுதான். கண்ணாடியையே கொஞ்சம் தேய்த்துக் குறைக்க முடியுமா என்று கேட்கிறவர்கள் உண்டு. டஃபன் செய்த பிறகு வெட்டவோ துளைக்கவோ முடியாது.

பட்டையைச் சிலிக்கான் வைத்து ஒட்டிவிடுகிறவர்களையும் பார்க்கிறேன். எனக்கு அது பிடிப்பதில்லை. உள்ளே போகும் தண்ணீர் வெளியேற வழியில்லாமல் கருப்புப் பூஞ்சை கட்டும். அடுத்த முறை மாற்றுகிறவர் சாபம் கொடுத்துக்கொண்டே சுரண்டுவார்.

*

எங்களுடையது வளைவான கண்ணாடி, மூலையில் வைக்கிற வகை. நேரான கெட்டிப் பட்டையை இதில் வளைக்கப் பார்த்தால் இரண்டு நாளில் முனை கழன்று தொங்குகிறது. வளைவுக்கென்றே வருகிற மிருதுவான பட்டை வாங்கி, வெந்நீரில் கொஞ்சம் ஊறவைத்து, சூடு ஆறுவதற்குள் நடுவிலிருந்து ஆரம்பித்து இரு பக்கமும் ஏற்றினோம். இதுவரை அசையவில்லை. ஆனால் கதவைச் சாத்தும்போது கீச்சென்று சத்தம். அதற்கு என்ன செய்வது?

*

சத்தம் வந்தால் நாக்கு ஒரு மில்லிமீட்டராவது நீளம் அதிகம் என்று பொருள், மேடம். கதவை மெதுவாகச் சாத்தி, எந்த இடத்தில் மடிகிறது என்று மார்க்கரால் குறித்துக்கொண்டு அங்கே மட்டும் கொஞ்சமாகச் சீவுங்கள். ஒரேயடியாக வெட்டாதீர்கள், வெட்டியதை ஒட்ட முடியாது.