வீட்டுத் திருட்டு அலாரம்: எந்தக் கேபிள், எந்த சென்சார்?

கேள்வி:
தரைத்தளம் மட்டும். 2 வாசல், 4 ஜன்னல், ஹால்ல ஒரு பிஐஆர் (உடம்புச் சூட்டை வச்சு நடமாட்டத்தைக் கண்டுபிடிக்கிற சென்சார்). 12 வோல்ட் பேனல் (அலாரத்தோட கட்டுப்பாட்டுப் பெட்டி). சைரனுக்கு 30 மீட்டர் ஒயர் ஓடும். கேபிள் 4 கோரா (உள்ளே 4 கம்பி), 6 கோரா? முன்கதவு இரும்பு.

பதில் 1:
6 கோர், 7/0.2 (ஒவ்வொரு கோர்லயும் 0.2 மி.மீ. இழை 7) அலாரம் கேபிள் வாங்குங்க. பிஐஆருக்கு சப்ளை 2, அலாரம் 2, டேம்பர் (மூடியைத் திறந்தா காட்டிக்கொடுக்கும் சுவிட்ச்) 2, கணக்கு சரி. சைரன்தான் வில்லங்கம். இந்தக் கம்பி மீட்டருக்குச் சுமார் 0.08 ஓம், போக வர 60 மீட்டர்னா 4.8 ஓம். சைரன் அரை ஆம்பியர் இழுத்தா 2.4 வோல்ட் வழியிலேயே போயிடும், பேட்டரியில ஓடும்போது முனகத்தான் செய்யும். பிளஸ்ஸுக்கு 2, மைனஸுக்கு 2 கோர் சேர்த்துக் கட்டுங்க, இழப்பு பாதியாகும். 230 வோல்ட் ஒயர் போற பைப்புல இதை விடவே கூடாது.

பதில் 2:
கதவு திறந்தாக் காட்டுற சாதா காந்த சுவிட்ச் இரும்புக் கதவுல சொதப்பும். காந்தப்புலத்தை இரும்பு இழுத்துக்கும், மூடின கதவும் திறந்ததாக் காட்டும். இரும்புக் கதவுக்குன்னே வர்ற பெரிய மாடல் போடுங்க.
பிஐஆர் 2.2 மீட்டர் உயரத்துல, மூலையில, ஜன்னலைப் பார்க்காம. ஒயர் ஓட்டையை சிலிக்கோன் பசை வச்சு அடைங்க. எறும்பு உள்ளே போனாலும், லென்ஸ் மேல பல்லி ஊர்ந்தாலும் ராத்திரி 2 மணிக்குத் தெருவே எழுந்துக்கும்.

கேட்டவர்:
பிஐஆரோட மைக்ரோவேவும் சேர்ந்த டூயல் சென்சார் போடலாமா?

பதில் 2:
மே மாசம் அறைச் சூடு உடம்புச் சூட்டை நெருங்குறப்போ பிஐஆர் மந்தமாகும். டூயல் அதுக்கு மருந்தில்ல, ரெண்டும் சேர்ந்து உணர்ந்தாத்தான் அடிக்கும். வெப்ப ஈடு உள்ள (அறைச் சூட்டுக்கு ஏத்தபடி உணர்திறனை மாத்திக்கிற) பிஐஆரே போதும்.

பதில் 1:
ஒண்ணு விட்டுப்போச்சு: லைன் முனை ரெசிஸ்டரை (ஒயர்ல கை வச்சாங்களான்னு பேனல் கவனிக்க உதவுற மின்தடை) சென்சார் பக்கம் போடுங்க. பேனல்ல போட்டா ஒயரை ஷார்ட் பண்றவனைப் பேனல் கண்டுக்காது.