அப்பா அம்மாவுக்குக் கப்பல் பயணம்: விளம்பரத்தில் ஒரு விலை, கடைசியில் ஒரு விலை. எப்படிக் குறைத்து வாங்குவது?

பாமணியாற்றுக்கரை எழுதியது:

வணக்கம். தை மாதம் திருக்கடையூரில் அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருக்கும்போது அம்மா, "கட்டிக்கிட்டு வந்து முப்பத்தாறு வருஷம், இவர் என்னைக் கூட்டிக்கிட்டுப் போன தூரம் வேளாங்கண்ணிதான்" என்றார், பந்தலே சிரித்தது. நானும் சிரித்தேன், ஆனால் வீட்டுக்கு வந்த பிறகும் அது உறுத்திக்கொண்டே இருக்கிறது.

அதனால் இரண்டு பேரையும் கப்பலில் கூட்டிப்போகலாம் என்று நினைத்தேன். செல்லில் ஒரு விளம்பரம் பார்த்தேன், ஒருவருக்கு 17,999 முதல் என்று. அப்பா, அம்மா, நான், வீட்டுக்காரர், எட்டு வயது மகள், ஆக ஐந்து பேருக்கு 90 ஆயிரம் என்று கணக்குப் போட்டு உள்ளே போனால் பணம் கட்டும் பக்கத்தில் ஒன்றரை லட்சத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது. மூன்று ஏஜெண்டுகளிடம் கேட்டேன், மூன்று விலை. அதில் ஒருவர் "இன்று இரவு 12 மணிக்குள் கட்டினால்தான் இந்த ரேட் மேடம்" என்று நாலு நாளாகத் தினமும் சொல்கிறார்.

இன்னொரு சிக்கல் அப்பா. நாலு ஏக்கர் நஞ்சை. ஜூன் 12 மேட்டூர் திறந்தால் ஆளை அசைக்க முடியாது. போய் வந்தவர்கள் விவரம் சொல்லுங்கள். கப்பல்தான் வேண்டும் என்று இல்லை, ஆனால் மறுபடியும் வேளாங்கண்ணி வேண்டாம்.

குடந்தை வேன் எழுதியது:

அக்கா, நான் கும்பகோணத்தில் நவக்கிரகக் கோயில்களுக்கு வேன் ஓட்டுகிறேன், அதனால் இந்த வித்தை எனக்கு உள்ளிருந்தே தெரியும். "முதல்" என்று போட்டிருக்கிறார்களே, அதில்தான் எல்லாம் இருக்கிறது. எங்கள் ஆட்களிலும் சிலர் வேன் வாடகை மட்டும் சொல்லி வண்டியில் ஏற்றிவிடுவார்கள், சூரியனார்கோவில் தாண்டியதும் டிரைவர் பேட்டா, பார்க்கிங் என்று ஒவ்வொன்றாக வரும். 2024 தொடக்கத்தில் அரசு பஸ்ஸே ஆளுக்கு 750 ரூபாய்க்கு ஒன்பது கோயிலும் சுற்றிக் காட்ட ஆரம்பித்த பிறகு அந்த விளையாட்டு கொஞ்சம் அடங்கிவிட்டது. பக்கத்தில் ஒரு விலை எழுதி வைத்திருந்தால் எவனும் வாய்க்கு வந்ததைச் சொல்ல முடியாது, அதுதான் விஷயம்.

கப்பலிலும் அப்படித்தான். விளம்பர விலை என்பது ஜன்னல் இல்லாத உள் அறை, இரண்டு பேர் சேர்ந்து தங்கினால் ஆளுக்கு இவ்வளவு, கூட்டம் இல்லாத நாள், துறைமுகக் கட்டணமும் ஜிஎஸ்டியும் தனி. நீங்கள் ஐந்து பேர், அதாவது இரண்டு அறை. ஒரே அறையில் மூன்றாவது நான்காவது ஆளாகப் படுப்பவருக்குப் பெரும்பாலும் விலை இறங்கும். பிள்ளைகளுக்கு இலவசம் என்று அடிக்கடி சலுகை போடுவார்கள், அப்போதும் வரியும் துறைமுகக் கட்டணமும் பிள்ளைக்குக் கட்டத்தான் வேண்டும். அதனால் தலைக்கு எவ்வளவு என்று கேட்கவே கேட்காதீர்கள். "ஐந்து பேர், இந்தத் தேதி, எல்லாம் சேர்த்து என் கையை விட்டுப் போகும் தொகை எவ்வளவு, இதில் சேராதது என்னென்ன, ரத்து செய்தால் எந்தத் தேதிவரை எவ்வளவு திரும்ப வரும்" என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். வாட்ஸ்அப்பில் வந்தாலும் சரி, எழுத்தாக இருக்க வேண்டும்.

அப்புறம் ஏஜெண்டுக்குக் கமிஷன் கப்பல் கம்பெனிதான் கொடுக்கும். முதலில் கம்பெனியின் சொந்தத் தளத்தில் கடைசிப் பக்கம் வரை போய் மொத்தத் தொகையைப் பார்த்துப் படம் பிடித்துக்கொள்ளுங்கள். அதை ஏஜெண்டிடம் காட்டி, "இதற்கு மேல் நீங்கள் என்ன செய்வீர்கள்" என்று கேளுங்கள். விலையைக் குறைக்க முடியாதவர்கூட ஜன்னல் அறையாக மாற்றித் தருவார். தினமும் 12 மணி சொல்கிறாரே, அவரை விட்டுவிடுங்கள்.

கீழவாசல் எழுதியது:

நாங்கள் சென்னையில் ஏறிப் போய்வந்தோம், கார்டீலியா எம்ப்ரஸ். 2022 ஜூனில்தான் சென்னையில் இருந்து ஓட ஆரம்பித்தது. கப்பல் புதிது என்று நினைத்துப் போகாதீர்கள், 1990இல் கட்டியது, முன்னால் ராயல் கரீபியன் கம்பெனியிடம் இருந்தது. ஆனால் சுத்தமாக வைத்திருக்கிறார்கள், எங்கள் வீட்டில் யாருக்கும் குறை இல்லை.

தேதி விஷயம்தான் உங்களுக்கு முக்கியம். தென்மேற்குப் பருவக்காற்றில் அரபிக்கடல் கொந்தளிக்கும், அதனால் அந்த மாதங்களில் கப்பலை நம் பக்கம் கொண்டுவருகிறார்கள், மற்ற நாளில் மும்பை, கோவா, லட்சத்தீவு என்று போய்விடும். அதாவது கப்பல் சென்னைக்கு வரும் நேரமும் ஆற்றில் தண்ணீர் வரும் நேரமும் ஒன்று! உங்கள் அப்பாவை நினைத்தால் பாவமாக இருக்கிறது. ஆனால் ஒரு வழி உண்டு. குறுவை நடவு முடிந்து, களை எடுத்து, மேலுரம் போட்ட பிறகு ஆடிக் கடைசி ஆவணி முதலில் பத்து நாள் வயல் கொஞ்சம் மூச்சு விடும், அந்த இடைவெளியில் பிடியுங்கள். பள்ளிக்கூடம் நடக்கிற சமயம் என்பதால் கூட்டமும் விலையும் குறைவு. வெள்ளிக்கிழமை கிளம்பும் பயணத்தை விட்டு வாரத்தின் நடுவில் கிளம்புவதைப் பாருங்கள், ஆகஸ்ட் 15 ஒட்டிய நாட்களைத் தொடவே வேண்டாம். மகளுக்கு இரண்டு நாள் லீவு போட்டால் மிச்சமாகும் பணத்தைப் பார்த்தால் ஹெட்மாஸ்டரே ஒத்துக்கொள்வார்.

மிகவும் மலிவானது கரையே தொடாமல் கடலுக்குள் போய்த் திரும்பும் இரண்டு இரவுப் பயணம். விலைக்கு நல்லதுதான், ஆனால் என் மாமியார் இறங்கும்போது "சரி, இப்ப எந்த ஊருக்குப் போயிட்டு வந்தோம்?" என்று கேட்டார், பதில் சொல்ல முடியவில்லை. விசாகப்பட்டினம், புதுச்சேரி, இலங்கை என்று ஊர் தொடும் பயணங்களும் போட்டிருக்கிறார்கள், அந்தந்த வருட அட்டவணையைப் பாருங்கள். உள்நாட்டுப் பயணத்துக்குப் பாஸ்போர்ட் வேண்டாம், ஆதார் போதும்.

சாப்பாடு விலைக்குள் அடங்கும். மது, இணையம், மசாஜ் எல்லாம் தனிக் காசு. தலை சுற்றுகிற ஆள் இருந்தால் கீழ்த்தளத்தில் கப்பலின் நடுப்பக்க அறை கேளுங்கள், ஆட்டம் குறைவு, பெரும்பாலும் விலையும் குறைவு. மேலே பால்கனி அறைக்கு இரட்டிப்பாகக் கொடுத்துவிட்டுப் படுத்தே கிடந்தவர்களைப் பார்த்தேன்.

மன்னை எக்ஸ்பிரஸில் ஏறினால் விடிகாலை சென்னை, கப்பல் ஏறுவது மதியத்துக்கு மேல், திரும்பி இறங்குவது காலை, இரவு மறுபடி மன்னை. சென்னையில் லாட்ஜ் செலவே இல்லை. வண்டி எழும்பூரா தாம்பரமா என்று மட்டும் டிக்கெட்டில் பார்த்துவிடுங்கள்.

ஏமாந்த சோழன் எழுதியது:

பெயரைப் பார்த்தாலே புரியும். விலை கேட்டு நாலு இடத்தில் நம்பர் கொடுத்திருக்கிறீர்கள், அதனால் இது உங்களுக்கும் வரும், எழுதி வைக்கிறேன்.

திருச்சியில் ஒரு பொருட்காட்சியில் கூப்பன் நிரப்பிப் போட்டேன். பத்து நாளில் போன். "வாழ்த்துகள் சார், மூன்று இரவு நான்கு பகல் கோவா இலவசம், கணவன் மனைவி இருவரும் நேரில் வந்து வாங்கிக்கொள்ள வேண்டும்." இருவரும் என்று சொல்லும்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். ஒரு ஓட்டல் ஹாலில் பாட்டு போட்டு, ஜூஸ் கொடுத்து, மூன்று மணி நேரம் உட்கார வைத்தார்கள். பத்து வருட மெம்பர்ஷிப், 1,20,000 ரூபாய், அன்றைக்கே கட்டினால் 85,000. என் மனைவி மேஜைக்குக் கீழே காலை மிதித்துக்கொண்டே இருந்தாள், நான் கார்டைத் தேய்த்துவிட்டேன். அதற்கப்புறம் எந்தத் தேதி கேட்டாலும் அறை இல்லை. இலவச கோவாவுக்கு விமானமும் சாப்பாடும் நம் செலவு. வருடா வருடம் பராமரிப்புக் கட்டணம் வேறு.

கடைசியில் 1915க்குப் போன் செய்தேன், தேசிய நுகர்வோர் உதவி எண். அதில் தீரவில்லை, மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுப் போட்டேன். 2019 சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, இது நிறையப் பேருக்குத் தெரியாது. பேசிப் பேசி 60,000 திரும்ப வந்தது, ஒன்றரை வருடம் அலைந்து. மிச்சம் 25,000 காவிரியோடு போச்சு.

பணத்தைக் கம்பெனிக் கணக்குக்கு மட்டும் அனுப்புங்கள். "மேனேஜர் பெயரில் யுபிஐ போடுங்கள், ஜிஎஸ்டி மிச்சம்" என்று எவனாவது சொன்னால் அங்கேயே எழுந்துவிடுங்கள். போட்டுத் தொலைத்திருந்தால் உடனே 1930, அது சைபர் குற்ற உதவி எண், ஒரு மணி நேரம்கூடத் தள்ளிப்போடக் கூடாது.

சிங்கையில் ஒரு பட்டுக்கோட்டை எழுதியது:

ஆவணியில் முடியவில்லை என்றால் அடுத்த வருடம் அறுவடை முடிந்து, கொள்முதல் நிலையத்தில் போட்ட நெல்லுக்குப் பணம் வந்ததும் மாசி பங்குனியில் இந்தப் பக்கம் வாருங்கள். அப்பாவுக்கும் வயல் கவலை இல்லை. திருச்சியில் இருந்து நேரடி விமானம், இங்கே மரினா பேயில் கப்பல் ஏறலாம், கப்பல்கள் நிறைய என்பதால் போட்டியும் உண்டு. மார்ச் நடுவில் ஒரு வாரம், ஜூன், டிசம்பர், இவை இங்கே பள்ளி விடுமுறை, விலை ஏறும், தவிர்த்துவிடுங்கள்.

விசாவில் பலர் தடுக்கி விழுகிறார்கள். கப்பல் மலேசியாவைத் தொட்டுத் திரும்பினால் நீங்கள் சிங்கப்பூருக்குள் இரண்டாவது முறை நுழைகிறீர்கள், அதனால் பலமுறை நுழையும் விசாதானா என்று பார்த்து வாங்க வேண்டும். மலேசியாவுக்கு இந்தியர்களுக்கு 2026 டிசம்பர் 31 வரை விசா தேவையில்லை, ஆனால் டிஜிட்டல் வருகை அட்டை நிரப்ப வேண்டும்.

இன்னொன்று, வெளிநாட்டுப் பேக்கேஜாக வாங்கினால் டிசிஎஸ் என்று ஒரு வருமான வரிப் பிடித்தம் உண்டு. என் மாமா 2025 மே மாதம் கட்டியபோது 5 சதவீதம் பிடித்தார்கள். அது செலவு இல்லை, வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்தால் திரும்ப வரும். ஆனால் நம் ஊர் விவசாயிகள் விவசாய வருமானத்துக்கு வரி இல்லையே என்று கணக்கே தாக்கல் செய்வதில்லை, பணம் அங்கேயே கிடக்கும். அதனால் வீட்டில் கணக்கு தாக்கல் செய்பவர் பெயரிலும் பான் எண்ணிலும் பேக்கேஜை வாங்குங்கள்.

நாகூர்ப் பையன் எழுதியது:

எல்லோரும் சென்னை, சிங்கப்பூர் என்கிறீர்கள். பக்கத்தில் நாகப்பட்டினம் துறைமுகத்தை மறந்துவிட்டீர்களே அக்கா. அங்கிருந்து இலங்கையில் உள்ள காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் 2023 அக்டோபர் 14 அன்று தொடங்கி, கொஞ்ச நாளில் நின்று, 2024 ஆகஸ்டில் சிவகங்கை என்ற கப்பலோடு மறுபடி ஓடியது. நாலு மணி நேரத்தில் யாழ்ப்பாணம். நல்லூர், கீரிமலை, நயினாதீவு பார்த்துவிட்டு நாலாம் நாள் வீட்டுக்கு வந்துவிடலாம். பாஸ்போர்ட்டும் இலங்கை விசாவும் வேண்டும். நீச்சல் குளம், டான்ஸ் எல்லாம் கிடையாது, இது ஆள் ஏற்றி இறக்கும் கப்பல்தான். நல்லூர்த் திருவிழா 25 நாளும் யாழ்ப்பாணத்தில் அறை விலை எகிறும். வடகிழக்குப் பருவமழையில் நிறுத்திவிடுவார்கள், மற்ற நாளிலும் காற்று அடித்தால் ரத்து, எனவே திரும்பும் நாளுக்கு அடுத்த நாளே முக்கிய வேலை எதுவும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

பாமணியாற்றுக்கரை எழுதியது:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. கீழவாசல் அண்ணன் எழுதியதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். "கப்பல்ல போய்த் தண்ணியப் பார்க்கறதுக்கு முன்னாடி வாய்க்கால்ல தண்ணி வரட்டும்" என்றார். அவர் வாயில் இது சம்மதம் என்றுதான் அர்த்தம். சித்தப்பா நாலு நாள் மடை பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டார்.

ஆகஸ்ட் மூன்றாவது வாரம், வாரநடுவில், ஊர் தொடும் பயணம் பார்த்திருக்கிறோம். கம்பெனித் தள விலையைப் படம் பிடித்து இரண்டு ஏஜெண்டுகளுக்கும் அனுப்பினேன். ஒருவர் பதிலே போடவில்லை. இன்னொருவர் அதே தொகைக்கு அப்பா அம்மாவுக்கு மட்டும் ஜன்னல் அறை தருகிறேன் என்று எழுதியே அனுப்பிவிட்டார். நாங்கள் மூன்று பேர் ஜன்னல் இல்லாத அறை, பரவாயில்லை, தூங்கத்தானே. பன்னிரண்டு மணிக்காரர் இன்றும் போன் செய்தார், இப்போது விலை இன்னும் 4,000 குறைவாம்!

கடைசியாக ஒன்று. அம்மா வெள்ளிக்கிழமை வெங்காயம் பூண்டு சேர்க்க மாட்டார். கப்பலில் என்ன செய்வது?

கீழவாசல் எழுதியது:

ஜெயின் சாப்பாடு என்று புக்கிங் செய்யும்போதே சொல்லிவிடுங்கள், வெங்காயம் பூண்டு இருக்காது. கப்பலில் ஏறின அன்றே சாப்பாட்டுக் கூடத்திலும் ஒரு முறை சொல்லி வையுங்கள். ரயிலுக்குப் புளியோதரை கட்டினால் கப்பல் ஏறும் முன்பே தீர்த்துவிடுங்கள், வெளிச் சாப்பாட்டை உள்ளே விடமாட்டார்கள். எங்கள் தூக்கை வாசலிலேயே வாங்கி வைத்துவிட்டார்கள், என் மாமியார் அதைத்தான் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.