ஒன்றரை லட்சத்தில் ஃப்ளைட் சிமுலேட்டர் கணினி: முதல் பணம் ப்ராசசருக்கா, கிராஃபிக்ஸ் கார்டுக்கா?

எருத்தேம்பதி_ஏ320:
எல்லோருக்கும் வணக்கம். நான் பாலக்காட்டுச் சித்தூர் பக்கம், எல்லைக்கு ரொம்ப அருகில் இருக்கிறேன். ஃப்ளைட் சிமுலேட்டருக்காகவே ஒரு கணினி கட்டப் போகிறேன். கையில் இருப்பது ஒன்றரை லட்சம். ஜாய்ஸ்டிக்கும் இதற்குள் வர வேண்டும். திரைக்கு வீட்டில் இருக்கும் 43 அங்குல 4கே டிவிதான், 60 ஹெர்ட்ஸ். மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் 2024இல் ஏ320 (ஏர்பஸ் பயணிகள் விமானம்) ஓட்ட ஆசை. முதலில் கோவை-சென்னை, கை பழகியதும் கரிப்பூரின் (கோழிக்கோடு விமான நிலையம்) டேபிள்டாப் ரன்வே, அதாவது குன்றின் மேல் சமப்படுத்திய ஓடுபாதை.

கோவைக் கடையில் ப்ராசசருக்கு ரைசன் 5 7600 போதும், மிச்சப் பணத்தைக் கிராஃபிக்ஸ் கார்டில் போடுங்கள் என்றார்கள். பாலக்காட்டில் கேட்டால் இன்டெல் ஐ7 14700கே என்கிறார்கள். இங்கே ஒரு அண்ணா 7800எக்ஸ்3டி இல்லாமல் ஏ320 பக்கமே போகாதே என்று பழைய பதிவில் எழுதியிருக்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

திரெட்_துரை:
அதை எழுதியது நான்தான் தம்பி. இப்போதும் அதையேதான் சொல்வேன்.

சாதாரண கேமுக்கும் இதற்கும் வேலை வேறு. விமானத்தின் இயக்கம், ஆட்டோபைலட், சுற்றிலும் பறக்கும் மற்ற விமானங்கள், தரைக் காட்சியை ஏற்பாடு செய்வது என்று பெரும்பாலானதை ஒரே மெயின் திரெட் (ப்ராசசரின் ஒரு கோரில் வரிசையாக ஓடும் முக்கிய வேலை) இழுத்துக்கொண்டு போகிறது. 2024 பதிப்பில் வேலையைப் பல கோர்களுக்குப் பிரித்திருக்கிறார்கள், உண்மைதான். ஆனாலும் சென்னை மாதிரி விமான நிலையத்தின் கேட்டில், கனமான ஏ320இல் உட்கார்ந்தால் முதலில் மூச்சு வாங்குவது அந்த ஒரு திரெட்தான். கிராஃபிக்ஸ் கார்டு சும்மா காத்திருக்கும்.

எக்ஸ்3டி சிப்களில் ப்ராசசர் சில்லோடு சேர்த்தே கூடுதல் கேஷ் (ப்ராசசருக்குள்ளேயே இருக்கும் வேகமான சிறு நினைவகம்) அடுக்கியிருக்கிறார்கள். 7600இல் எல்3 கேஷ் 32 எம்பி, 7800எக்ஸ்3டியில் 96 எம்பி. சிமுலேட்டர் திரும்பத் திரும்பக் கேட்கும் தரவு அங்கேயே இருப்பதால் ரேமுக்கு ஓட வேண்டியது குறைகிறது. 2022இல் 5800எக்ஸ்3டி வந்தபோதே சிமுலேட்டர்காரர்கள் அதைத் தேடித் தேடி வாங்கியதற்குக் காரணம் இதுதான்.

14700கே நல்ல வேகம், மறுக்கவில்லை. ஆனால் உச்சத்தில் 253 வாட் வரை இழுக்க அனுமதி உள்ள சிப் அது. 7800எக்ஸ்3டி கேம் ஓடும்போது நூறு வாட்டுக்குள்ளேயே நிற்கும். சித்தூர் வெயிலில், ஏசி இல்லாத அறையில் இந்த வித்தியாசம் கைக்கே தெரியும். இன்டெல் 13, 14ஆம் தலைமுறை சிப்கள் நிலைகுலைந்த பிரச்சினைக்கு 2024இல் மைக்ரோகோட் திருத்தம் வந்துவிட்டது. வாங்கினால் பயாஸ் (மதர்போர்டின் அடிப்படை நிரல்) புதுப்பித்த பிறகே ஓட்ட வேண்டும்.

மூணாறு_மலர்:
துரை அண்ணா சொன்ன மெயின் திரெட் கதை சரி. ஆனால் தம்பி "4கே டிவி" என்று எழுதியதைத் தாண்டிப் போய்விட்டீர்கள். 1080பி திரையைப் போல நான்கு மடங்கு பிக்சல். அதை வரையப்போவது கேஷ் இல்லை.

நான் பெரும்பாலும் செஸ்னா 172 எடுத்துக்கொண்டு ஆனைமுடியைச் சுற்றுகிறவள். மழைக்காலத்தில் லைவ் வெதர் போட்டால் மேகம் அடுக்கடுக்காக வரும், கீழே முழுக்கக் காடு. அங்கே மெயின் திரெட் நிம்மதியாக இருக்கும், கிராஃபிக்ஸ் கார்டு திணறும். ஏ320 ஓட்டினாலும் மேகத்துக்குள் நுழைந்துதானே இறங்க வேண்டும்?

அடுத்தது விராம், அதாவது கிராஃபிக்ஸ் கார்டின் சொந்த நினைவகம். இதைத்தான் எல்லோரும் சுலபமாக விட்டுவிடுகிறார்கள். 8 ஜிபி கார்டில் 4கே வைத்து, விரிவான விமான நிலைய ஆட்-ஆனும் ஏ320 காக்பிட்டும் ஏற்றினால் கார்டின் நினைவகம் நிரம்பிவிடும். நிரம்பியதும் டெக்ஸ்சர்கள் (பரப்புகளின் மேல் ஒட்டும் படங்கள்) ரேமுக்கு வழிந்து, கார்டையும் போர்டையும் இணைக்கும் பிசிஐஇ வழியாகப் போய்வரத் தொடங்கும். கொஞ்சம் வேகம் குறைந்தது என்று சமாளிக்கிற நிலை இல்லை அது. படம் நின்று நின்று வரும், அதுவும் சரியாக இறங்குகிற நேரத்தில். என் வாக்கு 16 ஜிபி கார்டுக்கு. ப்ராசசர் 7600. ஏஎம்5 (ஏஎம்டியின் ப்ராசசர் சாக்கெட்) போர்டு என்பதால் பின்னால் எக்ஸ்3டி மாற்றிக்கொள்ளலாம். ஏஎம்5ஐ 2027க்கு அப்பாலும் தொடர்வோம் என்று ஏஎம்டியே சொல்லியிருக்கிறது.

இன்னொன்று, ஃப்ரேம் ஜெனரேஷன். மெயின் திரெட் நொடிக்கு 30 ஃப்ரேம்தான் தருகிறதா? கார்டே நடுவில் ஃப்ரேம் சேர்த்து 60 ஆக்கிக் காட்டும். அண்ணா சொல்லும் தடைக்கு மருந்து கார்டிலேயே இருக்கிறது.

திரெட்_துரை:
அந்த மருந்தைப் பற்றித்தான் எனக்குப் பெரிய ஆட்சேபம் மலர். கண்ணுக்கு 60, கைக்கு 30. ஸ்டிக்கை இழுத்ததற்கும் மூக்கு எழுவதற்கும் நடுவே உள்ள தாமதம் குறைவதே இல்லை, சற்றுக் கூடவும் செய்யும். மலைக்கு மேலே சுற்றும்போது பரவாயில்லை. தரையிலிருந்து 30 அடியில் ஃப்ளேர் செய்யும்போது (இறங்கும் முன் மூக்கை மெல்லத் தூக்கும்போது) தாங்காது.

தம்பி கேட்டிருப்பது கரிப்பூர். 2020 ஆகஸ்ட் 7 இரவு, மழையில், பின்காற்றோடு 10ஆம் ரன்வேயில் வந்த விமானம் தொட வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய் இறங்கி, ரன்வே முடிந்து பள்ளத்தில் விழுந்தது. 21 பேர் போனார்கள். அந்த ரன்வேயை மதித்துப் பழக நினைக்கிறவனுக்குத் தொடும் புள்ளிதான் எல்லாம். அதைத் தாமதமான ஸ்டிக்கோடு பழகக் கூடாது. அடிப்படை ஃப்ரேம் நாற்பதுக்கு மேல் இருந்தால் ஃப்ரேம் ஜெனரேஷன் நன்றாக இருக்கும், ஒத்துக்கொள்கிறேன். அந்த நாற்பதைத் தருவது யார்? ப்ராசசர்.

"பின்னால் மாற்றிக்கொள்ளலாம்" என்பதிலும் எனக்கு நம்பிக்கை இல்லை. 7600ஐ விற்றால் பாதி விலை வந்தாலே பெரிது. இரண்டு தடவை வாங்கும் பணத்துக்கு ஒரே தடவையில் நல்லதை வாங்கலாம்.

மூணாறு_மலர்:
கார்டுக்கும் அதே கணக்குத்தானே அண்ணா? 8 ஜிபி கார்டை வாங்கி அடுத்த வருடம் விற்றாலும் நஷ்டம்தான். விராமைக் கூட்ட வழியே கிடையாது.

எருத்தேம்பதி_ஏ320:
அக்கா, டிஎல்எஸ்எஸ் (குறைந்த ரெசல்யூஷனில் வரைந்து கார்டே பெரிதாக்கிக் காட்டும் வசதி) போட்டால் 4கே பிரச்சினை தீர்ந்துவிடும் என்று சொல்கிறார்களே?

மூணாறு_மலர்:
வெளிக்காட்சிக்குத் தீரும். ஏ320 காக்பிட்டில் உயரம், வேகம் காட்டும் எண்கள் ஓடும்போது பின்னால் நிழல் இழுப்பதைப் பார்ப்பாய். புதிய டிஎல்எஸ்எஸ் பதிப்புகளில் நன்றாகக் குறைந்திருக்கிறது. எனக்குக் குவாலிட்டி நிலையில் தொந்தரவாகத் தெரியவில்லை. பெர்ஃபார்மன்ஸ் நிலைக்கு இறக்கினால் எழுத்து கரையும். டிவியில் பிசி மோடு அல்லது கேம் மோடு போட மறக்காதே. இல்லையென்றால் டிவியே தன் பங்குக்கு எழுத்தோரங்களைக் குழப்பும், தாமதமும் கூட்டும்.

வாளையார்க்காரர்:
இருவரும் பெட்டிக்குள்ளேயே நின்று சண்டை போடுகிறீர்கள். நான் பெட்டிக்கு வெளியே வருகிறேன்.

தம்பி, உங்கள் பக்கம் தென்னந்தோப்பு மோட்டார்கள் ஓடும் நேரத்தில் வோல்டேஜ் என்ன வருகிறது என்று பார்த்தீர்களா? கோடைமழையிலும் துலாமழையிலும் மதியத்துக்கு மேல் இடி இறங்குகிற ஊர் நம்முடையது. ஒன்றரை லட்சத்தில் முதல் பங்கை நல்ல பவர் சப்ளைக்கும் எர்த்துக்கும் எடுத்து வையுங்கள். 650 வாட் கோல்டு தரம் போதும், ஆனால் பெயருள்ள பவர் சப்ளையாக இருக்கட்டும். கேபினட்டோடு இலவசமாகத் தருவதைத் தொடவே வேண்டாம்.

யுபிஎஸ் வாங்கும்போது பியூர் சைன் வேவ் கேளுங்கள். இப்போதைய பவர் சப்ளைகள் ஆக்டிவ் பிஎஃப்சி (மின்சாரத்தைச் சீராக இழுக்க வைக்கும் சுற்று) உள்ளவை. மலிவான யுபிஎஸ்ஸும் பழைய ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரும் தரும் மின்சாரத்தில் சில பவர் சப்ளைகள் கரண்ட் மாறுகிற நொடியில் அணைந்துவிடும். இடி கேட்டதும் பிளக்கைக் கழற்றுங்கள். ரவுட்டரின் அடாப்டரையும் லேன் ஒயரையும் சேர்த்துக் கழற்றுங்கள். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் கணினியைக் கழற்றி வைத்தும் லேன் வழியாக வந்து மதர்போர்டு போனது.

அப்புறம் கை. கீபோர்டில் ஏ320 ஓட்டினால் எந்த ப்ராசசரும் உதவாது. ஹால் சென்சார் உள்ள ட்விஸ்ட் ஜாய்ஸ்டிக் ஒன்று எடுங்கள், டி.16000எம் வகை. காந்தத்தால் இடம் உணர்வதால் தேய்ந்து ஆடாது. ஸ்டிக்கைத் திருகினாலே ரட்டர் (மூக்கை இடம் வலமாகத் திருப்பும் வால் பலகை) வரும், பெடலை அடுத்த வருடம் பார்க்கலாம். ஜூலையில் லைவ் வெதரோடு கோவையில் 23ஆம் ரன்வேயில் இறங்கிப் பாருங்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று பக்கவாட்டில் தள்ளிக்கொண்டே இருக்கும். அப்போது ரட்டரின் அருமை தெரியும்.

திரெட்_துரை:
வாளையார் ஐயா சொன்னதில் ஒரு வார்த்தைகூட மறுக்க மாட்டேன். பவர் சப்ளை தனிக் கணக்கு.

தென்மலை:
செங்கோட்டையிலிருந்து எழுதுகிறேன். வாதத்தை ஊகத்தில் விடாமல் அளந்து பார்க்கலாம் என்று என் கணினியில் சோதித்தேன். சிமுலேட்டரின் டெவலப்பர் மோடில் ஃப்ரேம் கணக்குப் பெட்டியைத் திறந்தால், இப்போது தடையாக இருப்பது மெயின் திரெட்டா, ஜிபியுவா (கிராஃபிக்ஸ் கார்டா) என்று அதுவே எழுதிக் காட்டும்.

சென்னை கேட்டில் ஃபீனிக்ஸ் ஏ320 (தனியாக வாங்கும் ஆட்-ஆன் விமானம்). 4கேயிலிருந்து 1080பிக்கு இறக்கினேன். ஃப்ரேம் அசையவில்லை, மெயின் திரெட் என்றே காட்டியது. டெரெய்ன் எல்ஓடியையும் (தரைக் காட்சியின் நுணுக்க அளவு) மற்ற விமானங்களின் எண்ணிக்கையையும் பாதியாக்கினேன், உடனே ஏறியது. இதே விமானத்தோடு மேகத்துக்கு மேலே போனதும் ஜிபியு என்று மாறிவிட்டது. அங்கே ரெசல்யூஷனைக் குறைத்தால் ஃப்ரேம் துள்ளி ஏறுகிறது.

ஆக, தரையிலும் அப்ரோச்சிலும் (இறங்க நெருங்கும்போது) துரை அண்ணன் பேசுவது நடக்கிறது. மேலே போனால் மலர் சொல்வது.

மூணாறு_மலர்:
அப்படியென்றால் என் கட்சிக்குத்தான் வலு. தரையில் எல்ஓடியைக் குறைத்தால் ப்ராசசர் தடை நீங்குகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பணம் கொடுக்காமலே நீங்குகிற தடைக்கு எதற்குக் கூடுதல் பணம்?

திரெட்_துரை:
கார்டின் தடையும் ரெசல்யூஷனைக் குறைத்தால் நீங்குகிறதே. 4கே டிவியில் 1440பி அனுப்பினால் 43 அங்குலத்துக்கு எட்ட உட்கார்ந்து பார்க்கும்போது பெரிதாகத் தெரியாது. எல்ஓடியைக் குறைத்தால் தூரத்துக் கட்டடமும் மலையும் கண்முன் முளைத்து எழும். ஃபைனல் அப்ரோச்சில் அதைப் பார்க்க எனக்குப் பிடிக்காது. இன்னொரு கணக்கும் இருக்கிறது. ஃபீனிக்ஸ் தன் விமானத்தின் சிஸ்டங்களை சிமுலேட்டருக்கு வெளியே தனி நிரலாக ஓட்டுகிறது. ஆறு கோரை விட எட்டு கோர் அங்கே உதவும்.

60 ஹெர்ட்ஸ் டிவி என்பதையும் மறக்காதீர்கள். வி-சிங்க் (ஃப்ரேமைத் திரையின் தாளத்தோடு ஒத்துப்போக வைக்கும் அமைப்பு) வைத்து 30இல் பூட்டினால் ஒவ்வொரு ஃப்ரேமும் சரியாக இரண்டு தடவை காட்டப்பட்டு, படம் சீராக ஓடும். 30க்குக் கீழே ஒருபோதும் விழாமல் இருந்தால் போதும். சராசரி ஃப்ரேம் எவ்வளவு என்பதைவிட மிகத் தாழ்ந்த இடத்தில் எவ்வளவு என்பதுதான் இறங்கும்போது முக்கியம். அந்தத் தாழ்ந்த இடத்தைத் தூக்குவது கேஷ்.

மூணாறு_மலர்:
30இல் பூட்டினால் கைக்கும் 30தான் அண்ணா. ஃப்ரேம் ஜெனரேஷனில் நீங்கள் சொன்ன குறை இதிலும் இருக்கிறது.

திரெட்_துரை:
இருக்கிறது. ஆனால் மாறாத தாமதத்துக்குக் கை பழகிவிடும். 22க்கும் 45க்கும் நடுவே அலைகிற தாமதத்துக்குப் பழக முடியாது.

தென்மலை:
ரேம் பற்றி யாரும் பேசவில்லை. சிமுலேட்டர் 2024க்கு 16 ஜிபி குறைந்தபட்சம், 32 பரிந்துரை, 64 உயர்நிலை. விலை ஏறிக் கிடக்கும் நேரம் இது. 32 போதும், இரண்டு 16 ஜிபி குச்சிகளாக எடுங்கள். ஏஎம்5இல் நாலு குச்சி போட்டால் டிடிஆர்5 வேகம் இறங்கும். பின்னால் இன்னும் இரண்டு சேர்க்கலாம் என்ற கணக்கு பலிக்காது.

இணைப்பு எப்படி? 2024 பெரும்பாலான காட்சியைப் பறக்கப் பறக்க இறக்குகிறது. பரிந்துரை 50 எம்பிபிஎஸ்.

எருத்தேம்பதி_ஏ320:
ஃபைபர் இருக்கிறது, நூறு வரும். மழையில் சில நாள் அறுந்து போகும்.

வாளையார்க்காரர்:
அந்த நாட்களுக்கு எக்ஸ்-பிளேன் 12 என்ற இன்னொரு சிமுலேட்டரையும் யோசியுங்கள். காட்சி முழுக்க டிஸ்கில் இருப்பதால் இணைப்பில்லாமல் ஓடும். அப்படியென்றால் எஸ்எஸ்டி 2 டிபியாக இருக்கட்டும்.

எருத்தேம்பதி_ஏ320:
எல்லாவற்றையும் படித்துவிட்டுக் கணக்குப் போட்டேன். 7800எக்ஸ்3டி, பி650 போர்டு, 32 ஜிபி, 650 வாட் கோல்டு, ஜாய்ஸ்டிக் எல்லாம் வைத்து மீதியில் 16 ஜிபி விராம் உள்ள நடுத்தர கார்டு ஒன்று வருகிறது, ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ. அதற்காக எஸ்எஸ்டியை 1 டிபியாகக் குறைக்க வேண்டும், எக்ஸ்-பிளேன் அடுத்த வருடம். யுபிஎஸ்ஸுக்கு அப்பாவிடம் தனியாகக் கேட்டிருக்கிறேன். டிவியில் 1440பி வைத்து 30இல் பூட்டிப் பார்க்கிறேன். ஏ320க்கு முதலில் இலவசமாகக் கிடைக்கும் ஃப்ளைபைவயர், கை வந்த பிறகு ஃபீனிக்ஸ்.

திரெட்_துரை:
நல்ல தேர்வு தம்பி. போர்டில் சிபியு இல்லாமலே பயாஸ் புதுப்பிக்கும் பட்டன் இருக்கிறதா என்று கடையிலேயே பார்த்து வாங்கு. பில்லில் ஒவ்வொரு பாகத்தின் சீரியல் எண்ணும் இருக்கட்டும். கோவையில் வாங்கினால் வாரண்டிக்கு அங்கேதான் போக வேண்டும்.

மூணாறு_மலர்:
16 ஜிபி எடுத்தாயே, அதற்கு சந்தோஷம். ஆனாலும் இந்தப் பணத்துக்கு 7600ஓடு இன்னும் ஒரு படி மேலான கார்டு வந்திருக்கும் என்றே நான் நினைக்கிறேன். ஜூன் மழையில் ஆனைமுடிப் பக்கம் வந்து பார், 4கேயில், மேகம் அல்ட்ராவில். அந்த ஃப்ரேம் கணக்கை இங்கே போடு.

தென்மலை:
கரிப்பூரின் அப்ரோச் கணக்கையும் சேர்த்துப் போடுங்கள் தம்பி. இரவு, மழை, 28ஆம் ரன்வே. இரண்டையும் அதே செட்டிங்கில் எடுத்தால்தான் ஒப்பிட முடியும்.