துப்பாக்கி வைத்திருக்கும் அமெரிக்கர்களோடு பழகிய அனுபவங்கள்

ஹூஸ்டன், டெக்சஸ்

பிள்ளைகளை இங்கே வளர்க்கிற நம்மவர்கள் துப்பாக்கிப் பேச்சு வந்தால் ஒன்று தலையில் அடித்துக்கொள்கிறோம், இல்லாவிட்டால் வாயே திறப்பதில்லை. பெரியவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் சொந்தமாகத் துப்பாக்கி வைத்திருக்கிற நாடு இது. பக்கத்து வீட்டுக்காரர், மகளுடைய தோழியின் அப்பா, அலுவலகத்தில் கூட வேலை செய்பவர் என்று யாராவது ஒருவர் வைத்திருக்கத்தான் செய்வார். அவர்களோடு முகம் பார்த்துப் பேசிய அனுபவம் உள்ளவர்கள் எழுதினால் புதிதாக வருகிறவர்களுக்கு உதவும். நான் தொடங்குகிறேன்.

2022 மே 24 அன்று எங்கள் டெக்சஸின் உவால்டி ஊர்த் தொடக்கப் பள்ளியில் 19 குழந்தைகளும் 2 ஆசிரியைகளும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதே வார வெள்ளிக்கிழமை, மே 27, துப்பாக்கி உரிமைக்காக நிற்கும் தேசிய ரைஃபிள் சங்கத்தின் ஆண்டு மாநாடு எங்கள் ஊர் ஜார்ஜ் ஆர். பிரவுன் அரங்கில் தொடங்கியது. முன்பே ஏற்பாடானதுதான், ஆனால் ஒத்திவைக்கவில்லை. எதிரே டிஸ்கவரி கிரீன் பூங்காவில் பெரிய கூட்டம் திரண்டு எதிர்ப்புத் தெரிவித்தது. நானும் போனேன். இந்தப் பக்கம் இறந்த பிள்ளைகளின் படங்கள், அந்தப் பக்கம் அட்டை மாட்டிக்கொண்டு குடும்பம் குடும்பமாக உள்ளே போகிறவர்கள். நடுவில் ஒரு சாலை மட்டும்.

மாநாட்டு அட்டையோடு ஒரு அம்மா நிழலுக்காக எங்கள் பக்கம் வந்து நின்றார். எழுபது வயது இருக்கும். என் கையிலிருந்த பதாகையைப் படித்துவிட்டு, "நானும் அழுதேன்" என்றார். கணவர் போனபின் மேற்கு டெக்சஸில் தனியாகப் பண்ணை பார்க்கிறாராம். ஷெரிஃபைக் கூப்பிட்டால் வந்து சேர முக்கால் மணி நேரம் ஆகும், அதனால்தான் துப்பாக்கி என்றார். அப்படியானால் 18 வயதுப் பையனுக்கு ஏஆர்-15 ரைஃபிளை விற்கலாமா என்று கேட்டேன். முகம் இறுகிவிட்டது. அரசாங்கம் இன்று ஒன்றைப் பிடுங்கினால் நாளை மற்றதையும் பிடுங்கும், துப்பாக்கி வைத்திருக்கும் உரிமையைச் சொல்கிற அரசியலமைப்பின் இரண்டாம் திருத்தம் இருப்பதே அதைத் தடுக்கத்தான் என்று மனப்பாடமாகச் சொன்னார்.

சரி, உங்கள் வீட்டில் எங்கே வைப்பீர்கள் என்று கேட்டேன். அதற்கப்புறம் அவர் பேச்சே வேறு. சுவரோடு பொருத்திய இரும்பு சேஃப், தோட்டாவுக்குத் தனிப் பூட்டு, பேரன் பூட்டின் எண்ணைக் கவனித்துவிட்டான் என்று தெரிந்த அன்றே எண்ணை மாற்றியது என்று விவரம் விவரமாகச் சொன்னார். "ஏன் வைத்திருக்கிறீர்கள்" என்று கேட்டால் அரசியல் வந்து நிற்கிறது. "எப்படி வைத்திருக்கிறீர்கள்" என்று கேட்டால் மனிதர் பேசுகிறார். அன்று எனக்குக் கிடைத்தது அதுதான்.

வயது விஷயத்தில் அவரோடு நான் ஒரு துளியும் உடன்படவில்லை. பீர் வாங்க 21 வயது ஆக வேண்டும் என்று சொல்கிற மாநிலம் அந்த ரைஃபிளை 18இல் விற்கிறது. உவால்டியில் சுட்டவன் 18 முடிந்த கையோடு கடையில் சட்டப்படி வாங்கியவன். 2023இல் அந்த வயதை 21 ஆக்க ஒரு மசோதா வந்தது. உவால்டி பெற்றோர் ஆஸ்டின் சட்டமன்றத்துக்கு நடையாய் நடந்து, விடிய விடியக் காத்திருந்து, குழுவின் வாக்கெடுப்பில் அதைத் தேற வைத்தார்கள். கெடு தாண்டிவிட்டது என்று அவையின் விவாதத்துக்கே அது வரவில்லை. இதை நினைத்தால் இன்றும் எனக்கு ஆறவில்லை.

இப்போது மகள் ஒரு வீட்டுக்கு விளையாடப் போகிறாள் என்றால், நாய் இருக்கிறதா, வேர்க்கடலை அலர்ஜி இருக்கிறது என்று பேசும்போதே இதையும் கேட்டுவிடுகிறேன்: "துப்பாக்கி இருந்தால் பூட்டி வைத்திருக்கிறீர்களா?" பெரும்பாலும் யாரும் கோபப்படுவதில்லை. ஒருவர் அலமாரியைத் திறந்து சேஃபைக் காட்டவே செய்தார். ஒரு வீட்டில் மட்டும் "அது எங்கள் சொந்த விஷயம்" என்று பதில் வந்தது. சரி, பிள்ளைகள் எங்கள் வீட்டிலேயே விளையாடட்டும் என்று சொல்லிவிட்டேன். 17 வயதுக்குட்பட்ட பிள்ளையின் கைக்குத் தோட்டா போட்ட துப்பாக்கி எட்டும்படி வைப்பது டெக்சஸிலேயே குற்றம். அந்தச் சட்டத்தைத் துப்பாக்கிப் பிரியர்களே குறை சொல்லி நான் கேட்டதில்லை.

பென்சில்வேனியா

அக்கா சொன்னது நகரம். நான் இருப்பது மலையடிவாரத்துச் சிற்றூர். இங்கே துப்பாக்கி என்றால் முதலில் மான் வேட்டைதான். முன்பெல்லாம் நன்றி தெரிவித்தல் நாளுக்கு அடுத்த திங்கட்கிழமைதான் ரைஃபிள் பருவம் தொடங்கும், பல பள்ளிகள் அன்று விடுமுறையே விட்டுவிடும். 2019இலிருந்து தொடக்கத்தைச் சனிக்கிழமைக்கு மாற்றிவிட்டார்கள், பழைய ஆட்கள் இன்னும் அதைச் சொல்லிப் புலம்புகிறார்கள்.

பக்கத்து வீட்டுப் பெரியவர் எஃகு ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் வைத்திருப்பது அப்பா தந்த ரைஃபிள். வருடாவருடம் மான் இறைச்சியில் பங்கு கொடுப்பார். மிளகு போட்டுச் சுக்காவாக வறுத்து ஒரு கிண்ணம் திருப்பிக் கொடுப்போம், அப்படி வளர்ந்த நட்பு. காட்டுக்குள் நடக்கப் போனால் வேட்டைக்காரர் கண்ணில் படும்படி நீங்களும் ஆரஞ்சுச் சட்டை போடுங்கள் என்று முதல் வருடமே ஒன்று வாங்கிக் கொடுத்தவர் அவர். துப்பாக்கியும் தோட்டாவும் வாங்கும்போது கட்டுகிற வரியிலிருந்துதான் வனவிலங்குப் பாதுகாப்புக்குப் பணம் போகிறது, 1937ஆம் ஆண்டுச் சட்டம் அது என்று பெருமையாகச் சொல்வார். உண்மைதான்.

அவர் ரைஃபிள் சங்கத்தில் இளம் வயதில் சேர்ந்தவர். 1871இல் குறிபார்த்துச் சுடக் கற்றுக்கொடுக்கத் தொடங்கிய சங்கம் அது. 1977இல் சின்சினாட்டி கூட்டத்தில் கடும்போக்கினர் தலைமையைப் பிடித்தபின் முழு அரசியலாகிவிட்டது என்பது அவர் வருத்தம். 2012 டிசம்பரில் சாண்டி ஹூக் பள்ளியில் 20 சிறு குழந்தைகள் சுட்டுக் கொல்லப்பட்டபிறகு, துப்பாக்கிக் கண்காட்சியிலும் இணையத்திலும் நடக்கும் விற்பனைக்கும் வாங்குபவரின் பின்னணிச் சரிபார்ப்பு வேண்டும் என்று ஒரு சட்டத் திருத்தம் செனட்டுக்கு வந்தது. அதைக் கொண்டுவந்த இருவரில் ஒருவர் எங்கள் மாநிலத்தின் அப்போதைய குடியரசுக் கட்சி செனட்டர் பாட் டூமி. 54 பேர் ஆதரித்தும் 60 தேவை என்பதால் 2013 ஏப்ரலில் தோற்றது. சங்கம் அதை எதிர்த்து வேலை செய்த அன்றோடு இவர் சந்தாவை நிறுத்திவிட்டார். ரைஃபிளை விடவில்லை. இப்படிப்பட்டவர்கள் நிறைய இருக்கிறார்கள், தொலைக்காட்சியில் மட்டும் வருவதில்லை.

டல்லாஸ், டெக்சஸ்

புதிதாக வந்த தம்பி தங்கைகளுக்கு ஒரே ஒரு விஷயம். அலுவலகக் குழுவோடு ஷூட்டிங் ரேஞ்சுக்குப் போகலாம் என்று அழைப்பார்கள். இங்கே அது பௌலிங் போவதுபோல சாதாரணம். எச்1பி போன்ற விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருப்பது மத்தியச் சட்டப்படி குற்றம். ரேஞ்சில் வாடகைக்கு எடுத்துக் கையில் பிடிப்பதும் அதில் அடங்கும். முறையான வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் உண்டு. கிரீன் கார்டு வந்துவிட்டால் இந்தத் தடை இல்லை. சுட்டுப் பார்த்துப் படத்தை வாட்ஸ்அப்பில் போடுவதற்கு முன் குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

நான் கிரீன் கார்டுக்குப் பிறகுதான் போனேன். அங்கே பார்த்த ஒழுங்கு என்னை ஆச்சரியப்படுத்தியது. எல்லாத் துப்பாக்கியும் தோட்டா போட்டது என்றே நினை, சுட நினைக்காத எதன்மீதும் நீட்டாதே, குறி வைக்கும்வரை ட்ரிகரில் விரல் வைக்காதே, குறிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார். பயிற்சியாளர் இந்த நான்கையும் வாய்விட்டுச் சொல்லவைத்தார். ஒருவர் துப்பாக்கியோடு பக்கவாட்டில் திரும்பியதும் பேச்சில்லாமல் வெளியே அனுப்பினார். ஆனால் 2021 செப்டம்பர் 1 முதல் டெக்சஸில் 21 வயது நிரம்பியவர் உரிமம் எடுக்காமலே கைத்துப்பாக்கியோடு நடமாடலாம். அதாவது இந்தப் பாடம் எதையும் கேட்காமலே. பயிற்சியாளருக்கே அது பிடிக்கவில்லை, வெளிப்படையாகச் சொன்னார்.

செயின்ட் பால், மினசோட்டா

எங்கள் அலுவலகத்தில் ஒரு கறுப்பின நண்பர். உரிமத்தோடு கைத்துப்பாக்கி வைத்திருப்பவர். காரில் போகும்போது போலீஸ் விளக்கு பின்னால் தெரிந்தால் அவர் செய்வதைப் பார்த்திருக்கிறேன். கண்ணாடியை இறக்கி, உள் விளக்கைப் போட்டு, இரண்டு கைகளையும் ஸ்டியரிங்மேல் வைத்து அசையாமல் உட்காருவார். பக்கத்தில் இருந்த எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது.

2016 ஜூலை 6 அன்று இங்கே பக்கத்து ஃபால்கன் ஹைட்ஸில் ஃபிலாண்டோ காஸ்டில் என்ற கறுப்பினத்தவரின் காரைப் போலீஸார் நிறுத்தினார்கள். பள்ளி உணவகத்தில் வேலை பார்த்தவர், உரிமம் உள்ளவர். தன்னிடம் துப்பாக்கி இருப்பதைத் தானாகவே மரியாதையாகச் சொன்னார். சில நொடிகளில் அதிகாரி அவரைச் சுட்டுக் கொன்றார். அடுத்த வருடம் நீதிமன்றம் அதிகாரியை விடுவித்தது. "அந்த உரிமை அவருக்கு இல்லையா?" என்று நண்பர் கேட்டபோது என்னால் பதில் சொல்ல முடியவில்லை. கலிஃபோர்னியாவில் 1967இல் பிளாக் பாந்தர்கள் என்ற கறுப்பின உரிமை அமைப்பினர் துப்பாக்கியோடு சட்டமன்றத்துக்கு வந்ததையும், தோட்டா போட்ட துப்பாக்கியைப் பொது இடத்தில் ஏந்தத் தடை விதித்துக் கையெழுத்திட்டவர் அப்போதைய ஆளுநர் ரீகன் என்பதையும் நண்பர்தான் சொன்னார். இங்கே உரிமை பற்றிய பேச்சில் யாருடைய கையில் துப்பாக்கி என்பதும் சேர்ந்தே வருகிறது.

டென்வர், கொலராடோ

நான் அவசர சிகிச்சைப் பிரிவில் செவிலி. பள்ளிச் சம்பவங்களைப் பற்றி எல்லோரும் எழுதுகிறீர்கள், அது நியாயம். நான் வேலையில் பார்ப்பது வேறு. 2021இல் இந்த நாட்டில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். அதில் 26,328 பேர் தற்கொலை, பாதிக்கு மேல். மாத்திரை விழுங்கி வருகிறவர்களில் பெரும்பாலோரைக் காப்பாற்றிவிடுகிறோம். துப்பாக்கியில் பத்தில் ஒன்பது பேர் பிழைப்பதில்லை. பிழைத்தவர்கள் பலர் மறுபடி முயல்வதும் இல்லை. அதனால் அந்தக் கெட்ட இரவில் கைக்கு எட்டாமல் இருப்பதுதான் உயிர்.

இங்கே ஒரு துப்பாக்கிக் கடைக்காரரோடு எனக்குப் பழக்கம். தொப்பியில் இரண்டாம் திருத்தம், கார் பின்னால் ஸ்டிக்கர், 2019இல் வந்த சிவப்புக்கொடிச் சட்டத்தைக் கடுமையாக எதிர்ப்பவர். நீதிமன்ற உத்தரவால் துப்பாக்கியைத் தற்காலிகமாக வாங்கி வைக்கும் அந்தச் சட்டத்தை நான் ஆதரிக்கிறேன், அதனால் சண்டையே போட்டிருக்கிறோம். ஆனால் மனம் சரியில்லாத ஒருவரோ அவர் மனைவியோ வந்து கேட்டால், கேள்வி கேட்காமல் துப்பாக்கியைத் தன் கடையில் வாங்கி வைத்துக்கொள்வார். இப்படித் தற்காலிகமாக வைத்துக்கொள்ளத் தயாரான கடைகளையும் காவல் நிலையங்களையும் காட்டும் வரைபடமே இந்த மாநிலத்துக்கு இருக்கிறது. நோயாளியின் குடும்பத்துக்கு அதை நான் அச்சடித்துக் கொடுக்கிறேன்.

நம் சமூகத்திலும் துப்பாக்கி வாங்குகிறவர்கள் கூடிவிட்டார்கள், அதுவும் கோவிட் காலத்துக்குப் பிறகு. வேலை போன கணவர், பேசாமல் அறைக்குள்ளேயே இருக்கும் மகன், இப்படி யாராவது வீட்டில் இருந்தால் முதலில் அந்தச் சாவியை வேறு கைக்கு மாற்றுங்கள். இரவு எந்த நேரமும் தற்கொலை, மன நெருக்கடி உதவி எண்ணான 988க்கு அழைக்கலாம், தமிழ் வேண்டுமென்றால் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள், இணைத்துத் தருவார்கள்.