பெட்ரோல் பங்க் ஊழியர்களுக்கு ஹீமோகுளோபின் மட்டும் பார்த்தால் போதுமா?

பங்க்_மேனேஜர்:
பங்கில் 12 பேர் வேலை செய்கிறார்கள். வருடம் ஒரு தடவை கேம்ப் வைத்து ஹீமோகுளோபின் பார்க்கிறோம். பெட்ரோல் ஆவியில் உள்ள பென்சீன் ரத்தத்தைக் கெடுக்கும் என்கிறார்களே, இது போதுமா? இந்த முறை ஒரு பெண் ஊழியருக்கு ஹீமோகுளோபின் 9.6, எம்சிவி (சிவப்பணுவின் சராசரி அளவு) 71. இன்னொருவருக்கு பிளேட்லெட் 92,000. இரண்டுமே பெட்ரோலால் வந்ததா? எல்லோருக்கும் என்95 மாஸ்க் வாங்கலாமா?

செவ்வணு:
போதாதுங்க. கல்லீரல் பென்சீனை உடைக்கும்போது உண்டாகும் பொருட்கள் எலும்பு மஜ்ஜையைத் தாக்குகின்றன. ஹீமோகுளோபின் சரியாக இருக்கும்போதே வெள்ளை அணு, குறிப்பாக அதில் ஒரு வகையான லிம்போசைட், குறைய ஆரம்பிக்கலாம். சீனாவின் தியான்ஜினில் காலணித் தொழிலாளர்களிடம் நடத்தி 2004-இல் வெளியிட்ட ஆய்வில், காற்றில் பென்சீன் 1 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) கீழே இருந்த இடத்தில் வேலை செய்தவர்களிடமே வெள்ளை அணுவும் பிளேட்லெட்டும் குறைந்திருந்தன.

டிஃபரென்ஷியலோடு (வெள்ளை அணு வகைகளின் கணக்கு) முழு சிபிசி (எல்லா ரத்த அணுக்களின் எண்ணிக்கை) எடுங்கள். லிம்போசைட் சதவீதத்தை மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவீர்கள். மொத்த வெள்ளை அணுவோடு பெருக்கிப் பாருங்கள். 3,600-இல் 25% என்றால் 900தான், அது குறைவு. புதிதாகச் சேருபவருக்கு முதல் வாரமே ஒன்று எடுத்து ஃபைலில் வையுங்கள், ஒப்பிட அதுதான் உதவும். அமெரிக்க பென்சீன் விதி பெட்ரோல் பங்குகளுக்குப் பொருந்தாது, ஆனாலும் அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம்: வெள்ளை அணு 4,000-க்குக் கீழே போனாலோ, பிளேட்லெட் போன தடவையைவிட 20%-க்கு மேல் குறைந்தாலோ, இரண்டு வாரத்துக்குள் மறுபரிசோதனை.

அந்தப் பெண்ணுக்கு எம்சிவி 71 என்பதால் முதல் சந்தேகம் இரும்புச்சத்துக் குறைவுதான். பென்சீன் பாதிப்பில் எம்சிவி பொதுவாக இயல்பாகவோ கூடியோ இருக்கும். ஃபெரிட்டின் (உடலில் இரும்புச்சத்து இருப்பு) பாருங்கள், அது சரியாக இருந்தால் தலசீமியா டிரெய்ட் (பரம்பரையாக வரும் லேசான ஹீமோகுளோபின் குறை) இருக்கிறதா பார்க்க வேண்டும்.

லேப்_மேசை:
92,000-ஐ அப்படியே நம்ப வேண்டாம். ஊதா மூடி குழாயில் ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் ஈடிடிஏ சிலருடைய பிளேட்லெட்டைக் கட்டியாக்கிவிடும், மெஷின் குறைத்து எண்ணும். ஸ்மியரில் (கண்ணாடியில் ரத்தத்தைப் பூசி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது) கட்டி இருக்கிறதா பார்க்கச் சொல்லுங்கள். இருந்தால் நீல மூடி சிட்ரேட் குழாயில் மறுபடி எடுத்து, வரும் எண்ணை 1.1-ஆல் பெருக்க வேண்டும். கட்டி இல்லாமலே குறைவு என்றால் ரத்தவியல் மருத்துவரிடம் அனுப்புங்கள். டெங்கு, மது, மாத்திரை எல்லாவற்றையும் அவர் கேட்பார்.

உடம்பில் பென்சீன் எவ்வளவு ஏறியது என்று சிறுநீர்ப் பரிசோதனை எடுப்பதானால் ஷிப்ட் முடியும்போது எடுங்கள். பென்சீன் உடைந்து வரும் மியூகானிக் அமிலம் பார்த்தால் சாஸ், ஜாம் போன்றவற்றில் சேர்க்கும் சார்பிக் அமிலமே எண்ணை ஏற்றிவிடும். அதைவிட, பென்சீன் உடைந்து வரும் இன்னொரு பொருளான எஸ்-பிஎம்ஏ பார்ப்பது மேல். பீடி, சிகரெட் இரண்டையுமே ஏற்றும், கேட்டு எழுதிவையுங்கள்.

நாசில்காரன்:
என்95 தூசிக்குத்தான், ஆவி நேராக உள்ளே போகும். ஆவிக்கான கார்பன் கேட்ரிட்ஜ் மாஸ்க் வேண்டும். வெயிலில் எட்டு மணி நேரம் யாரும் போட மாட்டார்கள். டேங்கர் லோடு இறக்கும்போதும் டிப் எடுக்கும்போதும் (கோல் விட்டு டேங்க் அளவு பார்ப்பது) கட்டாயமாக்குங்கள். தாடி இருந்தால் ஓரத்தில் கசியும்.

அதைவிட வேலை செய்யும் விதத்தை மாற்றினால் பலன் அதிகம். பைக் டேங்கில் 5 லிட்டர் போனால் கிட்டத்தட்ட 5 லிட்டர் ஆவிக்காற்று வெளியே வரும். குனிந்து டேங்க் வாயைப் பார்க்காமல், காற்று வரும் பக்கம் நின்று மீட்டரைப் பார்த்துப் போடச் சொல்லுங்கள். ஆட்டோ கட் ஆன பிறகு "ரவுண்டாப் போடுங்கண்ணே" என்றால் போடக்கூடாது, வழிவது அப்போதுதான். கிரீஸ் கையைப் பெட்ரோலில் கழுவுவதை நிறுத்துங்கள், தோல் வழியாகவும் ஏறும். சட்டையில் சிந்தினால் உடனே மாற்ற, பங்கிலேயே ஒரு செட் யூனிஃபார்ம் வேண்டும்.

செவ்வணு:
ஒன்று விட்டுப்போச்சு. இஎஸ்ஐ (தொழிலாளர் காப்பீடு) சட்டத்துக்குப் பதிலாக வந்த 2020 சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பின் மூன்றாம் அட்டவணையில் பென்சீனால் வரும் நோய்கள் தொழில்நோயாகவே இருக்கின்றன. அதைக் காட்ட ஆதாரம் வேண்டும் என்பதால், யார் எந்தப் பாயின்டில் எத்தனை வருஷம் நின்றார் என்ற டியூட்டி ரெஜிஸ்டரையும் சிபிசி ரிப்போர்ட்டையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.